தோசைக்கல்லில் ஒரு கிழங்குப் பொரியல்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

சோறு, பருப்பு, ஒரு கீரை. மதியத்துக்கு இவ்வளவும் ஆன பிறகு, "இன்னும் ஒன்று பொரித்து வைத்தால் பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுவார்கள்" என்று நினைக்காத வீடு வன்னியில் குறைவு. அந்த ஒன்று பெரும்பாலும் உருளைக்கிழங்குதான். அதை நாலு மேசைக்கரண்டி எண்ணெயில், வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மாவாகவும், வீட்டில் எல்லோருக்கும் காணக்கூடிய அளவில் எப்படிப் பொரிப்பது என்று இன்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் உருளைக்கிழங்கு ஒரு காலத்தில் அருமையான சாமான். போர்க்காலத்தில் வீதி மூடிக் கிடந்த நாட்களில் காய்ச்சல்காரருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் என்று எடுத்து வைப்போம். 2002இல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்து லொறிகள் வரத் தொடங்கிய பிறகுதான் அதை அடிக்கடி பொரித்துச் சாப்பிடப் பழகினோம். அதனால்தானோ என்னவோ, கிழங்கை அவசரத்தில் கருக்கி வீணாக்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சந்தையில் வாங்கும்போது கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும். நுவரெலியா, வெலிமடைக் கிழங்கும் வரும், யாழ்ப்பாணத்துக் கிழங்கும் வரும், இந்தியா, பாகிஸ்தான் கிழங்கும் வரும். எதுவானாலும் பச்சை பிடித்ததை வாங்க வேண்டாம். கடை வாசலில் வெளிச்சம் பட்டுக் கிடக்கும் கிழங்கில் பச்சை ஏறும்போது சொலனின் என்ற நச்சுப் பொருளும் கூடும். அது அவித்தாலும் பொரித்தாலும் போகாது. வீட்டில் இருட்டான, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். குளிரில் கிழங்கின் மாப்பொருள் சீனியாக மாறும். பிறகு அதைப் பொரித்தால் உள்ளே வேகும் முன்னரே வெளியே கறுத்துவிடும்.

பாத்திரத்துக்கு வருவோம். எங்கள் தாச்சி குழிவானது. எண்ணெயும் கிழங்கும் நடுவில் போய்க் குவியும். அடியில் கிடப்பது பொரியும், மேலே கிடப்பது அவியும். நிறைய எண்ணெயில் பொரிப்பதற்குத் தாச்சியைப்போல ஒன்றும் இல்லை. குறைந்த எண்ணெய்க்குத் தட்டையான அடி வேண்டும். விளிம்புள்ள தடித்த இரும்புத் தோசைக்கல் இருந்தால் போதும், வேறு ஒன்றும் வாங்கத் தேவையில்லை. தடித்த இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கிழங்கைப் போட்டவுடன் ஆறிப்போகாது.

ஐந்து பேருக்கு அரைக் கிலோ. தோலைச் சீவி, அரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். வெட்டிய முகத்தில் ஒட்டியிருக்கும் மா போனால்தான் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் அவியுங்கள். விளிம்பு மட்டும் லேசாக மாவாக வரும்போது இறக்கி வடித்துவிட வேண்டும்.

இனி நான் சொல்வதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வடித்த கிழங்கைச் சூட்டோடு ஒரு சுளகில் துணி விரித்துப் பரப்புங்கள். ஆவி எழும்பிப் போவது கண்ணுக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் துண்டுகளின் மேற்பரப்பு வெளிறி, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். உருளைக்கிழங்கில் கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். மேலே ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 பாகைக்கு மேல் சூடாகாது. நல்ல நிறமும் மணமும் வருவதற்கோ 140 பாகை அளவில் வேண்டும். ஈரத்தோடு கல்லில் போட்டால் அது பொரிவதற்குப் பதிலாக இன்னொரு தடவை அவியும், அவ்வளவுதான்.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். விறகு அடுப்பு வைத்திருப்பவர்கள் சோற்றை முதலில் இறக்குங்கள். பாலை விறகோ வீரை விறகோ எரிந்து முடிந்து கிடக்கும் தணல்தான் கிழங்குக்கு நல்லது. பொச்சுமட்டையைத் திணித்துச் சுவாலை எழுப்ப வேண்டாம். காஸ் அடுப்பானால் நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள்.

கல் நன்றாகக் காய்ந்ததும் தேங்காயெண்ணெய் விட்டு, ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். உடனே சத்தம் வர வேண்டும். பிறகு கிழங்கை ஒரே படையாகப் பரப்புங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகப் பொரியுங்கள். பரப்பிய பிறகு நாலைந்து நிமிடம் கையை வைக்கவே கூடாது. மனைப்பொருளியல் வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். அகப்பை கையில் இருந்தால் கிளறத்தான் மனம் வரும். கிளறினால் மொறுமொறுப்பு உடைந்து, கிழங்கு கல்லில் அப்பிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் சுரண்ட வேண்டாம், இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். அடி பொரிந்ததும் தானாகவே விட்டுத் தரும். மூடியும் போட வேண்டாம், மூடினால் ஆவி மறுபடி அதன் மேலேயே விழும்.

சத்தத்தைக் கேளுங்கள். தொடக்கத்தில் "சோ" என்று கனத்த சத்தம் வரும், அது தண்ணீர் போகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் மெலிந்து, "சிடு சிடு" என்று இடைவிட்டுக் கேட்கும். அப்போது தட்டகப்பையால் அடியோடு எடுத்துப் புரட்டுங்கள். மொத்தத்தில் கால் மணி நேரம் வேண்டும். நல்ல பொன்னிறத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் கறுக்க விட்டால் அக்ரிலமைட் என்ற, உடலுக்கு ஆகாத பொருள் கூடும்.

வெங்காயம், கறிவேப்பிலை, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் இவை எல்லாம் கடைசியில். முதலில் போட்டால் கிழங்கு பொரிவதற்குள் இவை கருகிவிடும். கிழங்கை ஓரத்துக்கு ஒதுக்கி, நடுவில் அரைக் கரண்டி எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயத்தை வதக்கி, மற்றதையும் போட்டு வாசம் வந்ததும் ஒன்றாகப் புரட்டுங்கள். இடித்த மிளகாயை அடுப்பை விட்டு இறக்கிய பிறகு தூவுங்கள். அதற்கு முன்னர் சின்னப் பிள்ளைகளுக்கும் உறைப்பு ஆகாத பெரியவர்களுக்கும் ஒரு கோப்பையில் எடுத்து வைத்துவிடலாம். ஒரே கல்லில் எல்லோருக்கும் ஆகிவிடும்.

வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிறுநீரக நோயாளர் உள்ள வீடுகள் பல இருக்கின்றன. பொட்டாசியத்தைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தால், நோயாளியின் பங்கை மட்டும் இன்னும் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் நன்றாக அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொரியுங்கள். வெறுமனே ஊறவைப்பதைவிட அப்படி அவித்தால்தான் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். உப்பும் அவருக்குத் தனியாக. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மட்டும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழங்கும் சோறும் இரண்டுமே மாப்பொருள். அதனால் பொரியல் வைத்த அன்று சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்பையும் முருங்கையிலை வறையையும் கூட்டி வையுங்கள். சிவப்புக் குத்தரிசிச் சோறானால் இன்னும் நல்லது. மிஞ்சினால் இரவுப் பிட்டுக்கு எடுத்து வைக்கலாம். அப்போது எண்ணெய் விடாமல், வெறும் கல்லில் இரண்டு நிமிடம் சூடாக்கினால் போதும்.

நன்றி, வணக்கம்.