இல்லாத நாய்க்குப் பயந்தவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சூசன் ஹில் 1983-இல் எழுதிய 'தி உமன் இன் பிளாக்' பேய்க்கதை அதிகம் மிரட்டுவது மேடையிலா, திரையிலா என்பதுதானே இன்றைய தலைப்பு. நான் மேடைக் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி, சதுப்பு நிலம், மூடுபனி, பாழடைந்த பங்களா என்று எல்லாவற்றையும் கேமரா கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது, மேடையில் என்ன இருக்கிறது, ஒரு பிரம்புக்கூடை, அவ்வளவுதானே என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அந்தக் கூடையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆர்தர் கிப்ஸ் என்ற இளம் வக்கீல், செத்துப்போன ஒரு கிழவியின் காகிதங்களைச் சரிபார்க்க ஈல் மார்ஷ் ஹவுஸ் என்ற வீட்டுக்குப் போகிறான். கடல் ஏறினால் வீட்டுக்குப் போகும் ஒரே பாதையும் தண்ணீருக்குள் போய்விடும். அங்கே கறுப்பு உடையில் எலும்பும் தோலுமாக ஒருத்தி நிற்கிறாள். ஜெனட். பெற்ற பிள்ளையை அக்காளிடம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தவள். அந்தப் பிள்ளை குதிரைவண்டியோடு சேற்றில் மூழ்கிச் செத்ததைக் கண்ணால் பார்த்தவள். அவள் யார் கண்ணிலாவது பட்டால் போதும், எங்கோ ஒரு குழந்தை சாகும்.

இனி கூடை. 1987-இல் இங்கிலாந்தின் ஸ்கார்பரோ ஊரில், கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓட்டுவதற்கு, கையில் காசு அதிகம் இல்லாமல் போட்ட நாடகம் இது. ஸ்டீபன் மல்லாட்ராட் எழுதினார், ராபின் ஹெர்ஃபோர்ட் இயக்கினார். காசு இல்லாததால் வந்த யோசனையைப் பாருங்கள். வயதான கிப்ஸ் தன் கதையைச் சொல்லிப் பாரத்தை இறக்கிவைக்க ஆசைப்படுகிறார், ஆனால் அவருக்கு மேடையில் பேசவே வராது. அதனால் ஒரு நடிகரைத் துணைக்குப் பிடிக்கிறார். நடிகர் இளம் கிப்ஸாக நடிக்க, கிழவர் மற்ற எல்லாருமாக நடிக்கிறார். கூடைதான் ரயில், அதேதான் குதிரைவண்டி. மேடையில் பேசுவது இந்த இரண்டு ஆண்கள் மட்டும்தான்.

நாயும் உண்டு. ஸ்பைடர் என்று பெயர். மேடையில் நாய் இல்லை, வெறும் காற்றைத்தான் நடிகர் தடவிக்கொடுக்கிறார், வா வா என்று கூப்பிடுகிறார், முதல் இரண்டு நிமிடம் நமக்குச் சிரிப்பு வருகிறது. அப்புறம் அந்த நாய் சேற்றுக்குள் ஓடி மாட்டிக்கொள்கிறது. மண்டியிட்டு, வெறும் கையால் வெறும் காற்றைப் பிடித்து அவர் இழுக்கும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் தன் முன்சீட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். எந்த நாய்க்காக? நிஜ நாயைக் காட்டினால், பாவம் நல்லாப் பழக்கியிருக்கிறார்கள் என்று யோசிப்போம். இல்லாத நாயை நாமேதான் செய்தோம், நாம் செய்ததை எப்படிச் சாகவிடுவது?

எதிரணியில், மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொன்னார்கள். ஐயா, அது எங்கள் கட்சிப் பழமொழி! கண்ணுக்கு இருட்டாக இருக்க வேண்டும் இல்லையா? 2012-இல் ஜேம்ஸ் வாட்கின்ஸ் எடுத்த படத்தில் பொம்மைகளைக் கண்ணுக்குக் கண் நெருங்கிக் காட்டுகிறார்கள், ஜன்னலில் முகம், டமார் என்று சத்தம். துள்ளினேன், ஒத்துக்கொள்கிறேன். பிரஷர் குக்கர் விசில் அடித்தாலும்தான் துள்ளுகிறேன்.

1989-இல் வந்த டிவி படத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். நைஜல் நீல் திரைக்கதை. பட்டப்பகலில் தூரத்தில் சும்மா நிற்கிறாள் அவள், அது போதுமாக இருக்கிறது. நாயகன் கட்டிலில் படுத்திருக்க, அவள் அலறிக்கொண்டு அவன் மேலே வரும் காட்சியைப் பற்றி எதிரணி பேசியபோது எனக்கே வாய் அடைத்துவிட்டது. (அதில் நாயகன் ஏட்ரியன் ராலின்ஸ். பிற்பாடு ஹாரி பாட்டருக்கு அப்பாவாக நடித்தவர். 2012 படத்தில் நாயகன் டேனியல் ராட்கிளிஃப். அப்பா போய் மாட்டிய வீட்டுக்கே பையனும் போய் மாட்டியிருக்கிறான்!)

படத்தைத்தான் உலகமே பார்த்தது, நாடகத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்றும் கேட்டார்கள். லண்டன் ஃபார்ச்சூன் தியேட்டரில் 1989 முதல் 2023 மார்ச் வரை, இடையில் கொரோனா பூட்டிய காலம் போக, ஓடியது அய்யா. லண்டனில் பெரிய தியேட்டர்கள் நிறைந்த வெஸ்ட் எண்ட் பகுதியில் 13,000 காட்சிகளுக்கு மேல். பாட்டில்லாத நாடகங்களில் அங்கே இதைவிட நீண்டநாள் ஓடியது 'தி மவுஸ்டிராப்' ஒன்றுதான்.

முடிவுக்கு வருகிறேன், நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நாவலில், பின்னாளில் ஒரு பூங்காவில் அவள் மறுபடி வருகிறாள், கிப்ஸ் தன் குழந்தையையும் மனைவியையும் இழக்கிறான். 2012 படத்தில் அப்பாவும் பிள்ளையும் ரயிலில் அடிபட்டு, செத்த அம்மாவோடு கைகோத்துப் போகிறார்கள், நமக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. நாடகம் அந்த ஆறுதலைத் தருவதில்லை. ஒத்திகை முடிந்ததும் நடிகர் சந்தோஷமாகக் கேட்கிறார், அந்தக் கறுப்பு உடைப் பெண்ணை எங்கே பிடித்தீர்கள், என்னிடம் சொல்லவே இல்லையே, பிரமாதமாகச் செய்தாள் என்று. எந்தப் பெண், நான் யாரையும் பார்க்கவில்லையே என்கிறார் கிப்ஸ். நடிகருக்கு வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது. அவளை அவர் பார்த்துவிட்டார். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் நாங்களும் பார்த்துவிட்டோம். அன்று ராத்திரி தியேட்டர் வாசலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டது நான் ஒருத்தி மட்டுமில்லை.