சேதி முதல்ல யாருக்கு?

(ஜர்னலிசம் படிக்கிற பசங்க முன்னாடி பேசினது. கூட்டத்துல இருந்த ஒரு பொண்ணு போன்ல ரெக்கார்ட் பண்ணி டைப் அடிச்சு அனுப்புச்சு. அங்கங்க கொஞ்சம் திருத்தினேன், மத்தபடி பேசினது பேசினபடியே.)

எல்லாருக்கும் வணக்கம். "ராணுவமும் ஊடகமும்"னு தலைப்பு குடுத்திருக்கீங்க, பார்த்தா பத்து மார்க் கேள்வி மாதிரி இருக்கு. நான் ராணுவத்துல ஒருநாள் கூட இருந்ததில்ல. ரிப்போர்ட்டராவும் நியூஸ் டெஸ்க்லயுமா முப்பது வருஷம் ஓட்டினவன், அவ்வளவுதான். ராத்திரி எடிஷன் மூடுற நேரத்துல டிஃபென்ஸ் பிஆர்ஓவுக்கு, அதாவது ராணுவத்தோட செய்தித் தொடர்பு அதிகாரிக்குப் போன் போட்டு, "சார் இப்போதைக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல"ன்னு பதில் வாங்கி, வெறுத்துப்போய் போனை வச்ச ஆளு. அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற மனுஷன் ஏன் அப்படிச் சொல்றாருன்னு எனக்குப் புரியறதுக்கே ரொம்ப வருஷம் ஆச்சு, அத உங்களுக்கு ஒரு மணி நேரத்துல சொல்லிடலாம்னு பாக்குறேன்.

நம்ம ஆளுங்க பொதுவா என்ன நினைக்கிறோம்னா, ராணுவம் மறைக்கும், பத்திரிகைக்காரன் தோண்டுவான், ரெண்டு பேருக்கும் இழுபறி, கதை முடிஞ்சுது. எனக்கு அது பாதிக் கதையாத்தான் படுது. ஒரு சேதி வெளிய வரத்தான் போகுது, இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வந்துரும். அது முதல்ல யார் காதுல விழுதுங்கிறதுலதான் விஷயமே இருக்கு. எதிரி காதுலயா, செத்தவனோட அம்மா காதுலயா, எதிர்வீட்டுக்காரன் காதுலயா. இந்த வரிசை கொஞ்சம் மாறினாக்கூட ஆள் உயிர் போகலாம், இல்லன்னா ஒரு ஊரே ராத்திரி பூரா தூங்காம கிடக்கலாம்.

இதுக்கு நான் எப்பவும் எடுத்துக்கிற உதாரணம் ஃபாக்லாந்து போர், 1982. நீங்க யாரும் அப்ப பொறக்கல. தென் அமெரிக்காவுக்குக் கீழ, பிரிட்டன்ல இருந்து 13 ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஆட்டு மந்தையும் காத்தும் இருக்கிற தீவு, அப்ப பிரிட்டன் கையில இருந்துச்சு. ஏப்ரல் 2 அன்னைக்கு அர்ஜென்டினா அதைப் பிடிச்சுது, மூணே நாள்ல பிரிட்டன் கப்பல் படைய அனுப்புச்சு. கூட யாரு போறதுன்னு பார்த்தா, கடற்படைக்குப் பத்திரிகைக்காரங்களைக் கூட்டிட்டுப் போகவே இஷ்டம் இல்ல, ஒரு ஆறு சீட்டு தரோம்னாங்க. பத்திரிகை ஆசிரியர்கள் கத்தி, பிரதமர் ஆபீஸ் வரைக்கும் போயி, கடைசியில 29 பேரு ஏறினாங்க. 29 பேரும் பிரிட்டிஷ்காரங்க, வெளிநாட்டு ரிப்போர்ட்டர் ஒருத்தர் கூட இல்ல.

இப்ப அந்த 29 பேர் நிலைமைய யோசிச்சுப் பாருங்க. நடுக்கடல்ல கப்பல். போன் இல்ல, எழுதினத அனுப்பணும்னா கப்பலோட சாட்டிலைட் கருவிதான், அதுவும் கேப்டன் மனசு வச்சாத்தான். கூடவே பாதுகாப்பு அமைச்சகத்து ஆளுங்க, மைண்டர்னு பேரு, நம்ம ஊர்ல சொன்னா காவலுக்கு வந்த மாமா. அவங்க ஒரு தடவை அடிப்பாங்க, அப்புறம் லண்டன்ல இன்னொரு தடவை அடிப்பாங்க. அடின்னா வரிகளை அடிக்கிறது, தப்பா எடுத்துக்காதீங்க. டிவி படம் நேரடியா அனுப்ப வழியே இல்ல, ஃபிலிம் சுருளைக் கப்பல்ல ஏத்தி அசென்ஷன் தீவுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பிளேன், சில ஃபிலிம் லண்டன் போய்ச் சேர மூணு வாரத்துக்கு மேல ஆயிருக்கு. அப்ப பிரிட்டன் ஜனங்க டிவில பார்த்தது என்னன்னா ஒரே ஒரு மனுஷன். அயன் மெக்டொனால்டுன்னு அமைச்சக அதிகாரி, கண்ணாடி போட்டுக்கிட்டு, டிக்டேஷன் வேகத்துல, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தி அறிக்கை படிப்பாரு. ஊரே கிண்டல் பண்ணுச்சு. ஆனா ஒண்ணு, அவர் பொய் சொல்றாருன்னு அன்னைக்குப் பெருசா யாரும் சொல்லல.

மே 4. ஷெஃபீல்டுன்னு ஒரு போர்க்கப்பல் மேல எக்ஸோசெட் ஏவுகணை அடிச்சுது, 20 பேர் செத்துப்போனாங்க. மெக்டொனால்டு அன்னைக்கு ராத்திரியே டிவில வந்து கப்பல் பேரோட சொல்லிட்டாரு. நேர்மையான வேலைதானே? ஆனா ஷெஃபீல்டுல இருந்த ஒவ்வொருத்தன் வீட்டுலயும் பொண்டாட்டியும் அம்மாவும் டிவில பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க, யாரு உயிரோட இருக்கா யாரு இல்லன்னு தெரியாம. சரி, இனிமே இப்படிச் செய்யக்கூடாதுன்னு முடிவு பண்ணாங்க.

மே 25 வந்துச்சு. கவென்ட்ரிங்கிற கப்பல் மூழ்கிருச்சு, 19 பேர். இந்தத் தடவை பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட்டே டிவில வந்தாரு. கடற்படை கேட்டுக்கிட்டதால பேரைச் சொல்லல, ஒரு கப்பலுக்குப் பெரிய அடின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு. பேர் மறுநாள்தான். என்ன ஆகும்? அங்க போயிருந்த ஒவ்வொரு கப்பல்ல இருக்கிறவன் குடும்பமும் அன்னைக்கு ராத்திரி அது நம்ம கப்பல்தான்னு நினைச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. பேரைச் சொன்னப்ப ஒரு கப்பல் குடும்பங்க அழுதது, சொல்லாதப்ப எல்லாக் கப்பல் குடும்பங்களும் அழுதது. டெஸ்க்ல உக்காந்து "ஏன்யா மறைக்கிறான்"னு கேக்குறது சுலபம், அந்த நாற்காலில நாம இருந்தா என்ன பண்ணியிருப்போம்னு எனக்கு இன்னிக்கும் தெளிவா பதில் இல்ல. மூணு மணி நேரம் வாயைத் திறக்காம முதல்ல வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பியிருக்கலாம்னு தோணுது, ஆனா அர்ஜென்டினாக்காரன் அதுக்குள்ள ரேடியோல சொல்லிடுவானே.

அடுத்தது கூஸ் க்ரீன், அந்தத் தீவுல இருக்கிற ஒரு சின்ன ஊர். இது எனக்கு ரொம்ப உறுத்துற சம்பவம். பாராசூட் படையோட ரெண்டாவது பட்டாலியன், கர்னல் ஜோன்ஸ் தலைமையில, ராத்திரில நடந்துபோய் ஒரு ஆளில்லாத வீட்டுகிட்ட பதுங்கியிருக்காங்க, மறுநாள் தாக்குதல். அவங்க கையில இருந்த ரேடியோல பிபிசி வேர்ல்ட் சர்வீஸ் கேக்குறாங்க. அதுல வருது, பாராசூட் படை கூஸ் க்ரீனை நெருங்கிருச்சுன்னு! நாம எங்க ஒளிஞ்சிருக்கோம்ங்கிறத நம்ம ஊர் ரேடியோவே சொல்லுதுன்னா எப்படி இருக்கும். கர்னல் கொதிச்சுப்போய், இதுக்குக் காரணமானவங்க மேல கேஸ் போடுவேன்னாரு. மறுநாள் மே 28, சண்டைல அவர் செத்துட்டாரு, அப்புறம் பிரிட்டனோட பெரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் குடுத்தாங்க. அந்த ரேடியோ செய்தியாலதான் செத்தாருன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல ஆதாரம் பத்தாது. ஆனா கவனிங்க, கப்பல்ல போன 29 பேர்ல ஒருத்தரும் அதைக் கசியவிடல. அவங்க வாயைத்தான் ரெண்டு சென்சார் போட்டுக் கட்டியாச்சே. கசிஞ்சது லண்டன்ல, அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் இருந்த இடத்துல. ஆத்துல வலை போட்டுட்டு வாய்க்கால் மடையத் திறந்து விட்ட கதை.

பொய் விஷயத்துக்கு வரேன். மே 20 அன்னைக்கு அமைச்சகத்தோட பெரிய அதிகாரி ஃபிராங்க் கூப்பர் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, பெருசா படை இறங்குற மாதிரி எதுவும் இருக்காது, சின்னச் சின்னத் தாக்குதல்தான்ங்கிற மாதிரி சொல்லி அனுப்பிச்சாரு. எல்லாரும் நம்பி எழுதினாங்க. விடிஞ்சா ஃபாக்லாந்துல சான் கார்லோஸ்ங்கிற இடத்துல முழுப் படையும் இறங்குது. ராணுவக் கண்ணுல பார்த்தா சரி, ஆயிரக்கணக்கான பேர் உயிர். பத்திரிகைக்காரன் கண்ணுல பார்த்தா, என் கையாலயே எதிரிக்குக் கதை விட வச்சுட்டானே. அவர் பொய் சொல்லல, முழுசா சொல்லலன்னு அப்புறம் நியாயம் பேசினாங்க. எனக்கு இது பிடிக்கல, வெளிப்படையாவே சொல்றேன். "சொல்ல முடியாது"ன்னு சொன்னா நான் எழுதாம இருப்பேன், என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு டீ குடுத்து திசை திருப்பினா அடுத்த தடவை நீ உண்மைய சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான்.

சென்சார் இருந்தா நல்ல ரிப்போர்ட்டிங் வராதுன்னும் நினைக்காதீங்க. மே 1 அன்னைக்கு ஹெர்மிஸ் கப்பல்ல இருந்து ஹாரியர் விமானங்க குண்டு போடப் போயிட்டு வந்துச்சு. பிபிசி நிருபர் பிரையன் ஹன்ரஹான் அங்க இருக்காரு, எத்தனை விமானம்னு சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா? எத்தனை போச்சுன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல, ஆனா போகும்போது எல்லாத்தையும் எண்ணினேன், வரும்போதும் எல்லாத்தையும் எண்ணினேன். எண்ணிக்கை எதிரிக்குப் போகல, வீட்டுல இருக்கிறவனுக்கு வேண்டியது போயிருச்சு. ஹாரியர சுட்டுட்டோம்னு அர்ஜென்டினா சொன்னதும் அதோட அடிபட்டுப் போச்சு. ஒரே வாக்கியம்! இத ஒரு பேப்பர்ல எழுதி உங்க டேபிள்ல ஒட்டி வச்சுக்கோங்க.

அந்தப் பக்கம் அர்ஜென்டினாவுல வேற கூத்து. அங்க ராணுவ ஆட்சி, போர் அறிக்கை எல்லாம் நம்பர் போட்டு வரும். எதிரி கப்பல் மூழ்குது, விமானம் விழுது, ஒரு பத்திரிகை அட்டையில "நாம ஜெயிச்சுக்கிட்டிருக்கோம்"னு கொட்டை எழுத்து. இன்வின்சிபிள்ங்கிற விமானந்தாங்கிக் கப்பலையே அடிச்சுட்டதா சொன்னாங்க, அந்தக் கப்பல் செப்டம்பர்ல ஒரு கீறல் இல்லாம போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்குத் திரும்பி வந்துச்சு. ஜூன் 14 அன்னைக்குப் படை சரணடைஞ்ச சேதி வந்ததும் ஜனங்களுக்கு ஒண்ணும் புரியல, நேத்து வரைக்கும் ஜெயிச்சமே! புவெனஸ் அயர்ஸ்ல கூட்டம் கூடி ரகளை, சில நாள்ல தலைவர் கால்டியேரி போயிட்டாரு. 649 அர்ஜென்டினாக்காரங்க செத்திருக்காங்க அந்தப் போர்ல, பிரிட்டன் பக்கம் 255. தன் பையன் ஜெயிக்கிறான்னு நினைச்சுக்கிட்டே இருந்த அந்தத் தாய்மார்களை நினைச்சா எனக்கு மெக்டொனால்டோட மெதுவான குரல் மேல மரியாதையே வருது.

அமெரிக்கா இதுல இருந்து என்ன கத்துக்கிச்சுன்னா, தப்பான பாடத்தை. 1983 அக்டோபர்ல கிரெனடா தீவுல இறங்கினப்ப ரெண்டு நாள் ஒரு நிருபரையும் உள்ள விடல. பெரிய சண்டை ஆகி, கமிட்டி போட்டு, குழு குழுவா கூட்டிட்டுப் போற பூல் முறை வந்துச்சு. 2003 ஈராக்ல நேர் எதிரா, 600க்கு மேல நிருபர்களைப் படையோடயே சேர்த்து அனுப்பிட்டாங்க. கூடவே சாப்பிட்டுக் கூடவே தூங்கினவன் அந்தச் சிப்பாயைப் பத்தி எப்படி மோசமா எழுதுவான், அந்தக் கணக்குதான். அது தனியா ஒரு நாள் பேச வேண்டியது, விடுங்க.

நம்ம நாட்டுக்கு வருவோம். 26/11 மும்பைல கமாண்டோ இறங்குறத டிவி லைவ்ல காட்டினான், பாகிஸ்தான்ல உக்காந்திருந்தவன் அதைப் பார்த்துப் போன்லயே உள்ள இருந்த பயங்கரவாதிக்கு வழி சொன்னான். 2012ல சுப்ரீம் கோர்ட்டே இதைக் கண்டிச்சுது. 2015ல விதி வந்துச்சு, பயங்கரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை நடக்கும்போது லைவ் கிடையாது, நியமிச்ச அதிகாரி அப்பப்ப குடுக்குற பிரீஃபிங் மட்டும்தான். விதி சரிதான், ஆனா அந்த அதிகாரி வரவே இல்லன்னா? அப்ப டிவிக்காரன் ஸ்டுடியோல மீசை வச்ச நாலு பேர உக்கார வச்சு பொம்மை பீரங்கி ஓட்டுவான்.

குன்னூர் ஞாபகம் இருக்கா, 2021 டிசம்பர் 8? இது நம்ம ஊர்ல நடந்தது. சூலூர்ல இருந்து வெலிங்டன் போன ஹெலிகாப்டர், உள்ள முப்படைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி, மொத்தம் 14 பேர். மதியம் பன்னெண்டரைக்குள்ள விழுந்துருச்சு, ரெண்டு மணிக்கு முன்னாடியே விமானப்படை ட்விட்டர்ல போட்டுட்டாங்க, ராவத் உள்ள இருந்தாருன்னும் சேர்த்து. அது நல்ல வேலை, ஏன்னா மரம் எரியுற வீடியோ அதுக்குள்ள எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்திக்கிட்டிருந்துச்சு. அடுத்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அவர் நிலைமை பத்தி ஒரு வார்த்தை இல்ல. அந்த நாலு மணி நேரம் டிவில நாலு பேர், ஏழு பேர், பதினோரு பேர்னு ஏலம் விட்ட மாதிரி ஓடுச்சு. அமைச்சர் ராஜ்நாத் சிங் ராவத் வீட்டுக்கு நேர்ல போயிட்டு வந்தாரு, அதுக்கப்புறம்தான் அறிவிப்பு. உடம்பை அடையாளம் காண்றதே கஷ்டமா இருந்துச்சு, மத்த பல பேருக்கு டிஎன்ஏ பார்க்க வேண்டியதாச்சு. அன்னைக்கு நானும் டெஸ்க்ல கத்தினேன், என்னய்யா இவங்க வாயே திறக்க மாட்டேங்குறாங்கன்னு. கத்திட்டு உக்காந்தப்பதான் எனக்குப் பழசு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

1999, கார்கில் நேரம். நான் அப்ப தெற்கே ஒரு மாவட்டத்துல ரிப்போர்ட்டர். நியூஸ் ஏஜென்சில செத்தவங்க பேர்ப் பட்டியல் வந்திருக்கு, நம்ம ஏரியா பையன் ஒருத்தன், போய் வீட்டுல போட்டோ வாங்கிட்டு வான்னு ஆபீஸ்ல இருந்து போன். டிவிஎஸ் ஃபிப்டி எடுத்துக்கிட்டுப் போனேன். திண்ணையில ஒரு அம்மா உளுந்து புடைச்சுக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் சொளகைக் கீழ வச்சுட்டு, "வாப்பா, எம்புள்ள கூடப் படிச்சவனா?"ன்னு கேட்டாங்க. அப்பதான் புரிஞ்சுது, அவங்களுக்கு இன்னும் யாரும் சொல்லல. "ஆமாம்மா"ன்னேன். வேற என்ன சொல்றது? உள்ள போய் மோர் கொண்டாந்தாங்க, பெரிய சொம்புல. சுவத்துல காலண்டர் பக்கத்துல அவன் யூனிஃபார்ம் போட்டோ தொங்குது, நான் வாங்க வந்த போட்டோ அதான். மோரைக் குடிச்சுட்டு, லீவுக்கு வந்தா பாக்குறேம்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். முக்குல எஸ்டிடி பூத்ல இருந்து ஆபீஸுக்குச் சொன்னா, போட்டோ இல்லாம ஏன்யா வந்தேன்னு அரை நிமிஷம் திட்டு. சாயங்காலம் நாலு மணி வாக்குலதான் தாசில்தார் ஆபீஸ் ஜீப் அந்தத் தெருவுக்குள்ள போச்சு, டீக்கடை பெஞ்சில இருந்து பார்த்தேன்.

அதுக்கப்புறம் எந்த பிஆர்ஓகிட்ட பேசினாலும் என் முதல் கேள்வி "எத்தனை பேர்" இல்ல. "வீட்டுக்குச் சொல்லியாச்சா சார்?" அதான் கேப்பேன். இல்லன்னு சொன்னா எப்பச் சொல்வீங்கன்னு கேட்டு, அந்த நேரம் வரைக்கும் பேர நிறுத்தி வைப்பேன், மத்த விவரத்தை எழுதிடுவேன். ஒரு தடவை ஒரு அதிகாரி இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேன்"னாரு. கூப்பிட்டாரு. மணி பதினொண்ணு நாப்பது, பேஜ் பிரிண்டுக்குப் போயிருச்சு, மெஷினை நிறுத்தச் சொல்லி ஓடினேன்.