உப்பைச் சுமந்து போகும் கடல் ஓட்டம்

வணக்கம். பருவநிலை மாற்றம் என்றாலே அது மெல்ல மெல்ல, தலைமுறை தலைமுறையாக நடக்கிற விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கிரீன்லாந்தில் ஆழத் துளை போட்டு உருளை உருளையாக எடுத்த பழைய பனிக்கட்டியில் இருக்கிற பதிவு வேறு மாதிரி. சுமார் 11,700 வருடங்களுக்கு முன்பு, ஆயிரம் வருடத்துக்கு மேல் நீடித்த யங்கர் டிரையஸ் கடுங்குளிர் முடிந்தபோது, அங்கே வெப்பநிலை சில பத்தாண்டுகளுக்குள் ஏறக்குறைய 10 டிகிரி ஏறியது. ஒரு ஆள் பிறந்து கிழவனாவதற்குள்!

சூரியன் இவ்வளவு வேகமாக மாறுவதில்லை. கடல் மாறும். அட்லாண்டிக்கின் மேற்பரப்பில் வெதுவெதுப்பான உப்பு நீர் வடக்கே போய், வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து, ஏற்கெனவே உப்பும் அதிகம் என்பதால் கனத்து, கிரீன்லாந்தை ஒட்டிய கடல்களில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு மூழ்கி, அடியிலேயே தெற்கே திரும்புகிறது. வினாடிக்கு சுமார் 1.7 கோடி கன மீட்டர். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்தாலும் இதில் பத்தில் ஒரு பங்கு வராது.

சரி, இதில் ஆபத்து எங்கே? அந்த உப்பை அங்கே கொண்டு சேர்ப்பதே இந்த ஓட்டம்தான். பனி உருகி நன்னீர் கலந்தால் மேல்நீர் லேசாகி, மூழ்குவது குறையும். குறைந்தால் வந்து சேரும் உப்பும் குறையும். அதனால் நீர் இன்னும் லேசாகும். ஒரு கட்டத்துக்கு மேல் வெளியிலிருந்து யாரும் தள்ள வேண்டியதில்லை, தானே சரியும். நன்னீர் வரத்து பழைய அளவுக்குக் குறைந்தாலும் ஓட்டம் உடனே மீளாது. கடலியல் விஞ்ஞானி ஹென்றி ஸ்டோமெல் 1961லேயே, இரண்டே இரண்டு பெட்டி நீரை வைத்துப் போட்ட எளிய கணக்கில் இதைக் காட்டிவிட்டார்.

ஓட்டம் தளர்ந்தால் வடக்கே போகும் வெப்பம் குறையும். ஆனால் இது ஐரோப்பாவின் குளிரோடு நிற்கிற கதையும் இல்லை. இந்த ஓட்டம் தளர்ந்திருந்த யங்கர் டிரையஸ் காலத்தில் ஆசியப் பருவமழையும் பலவீனமடைந்ததைச் சீனக் குகைகளில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணாம்புத் தூண்கள் பதிந்து வைத்திருக்கின்றன.

இந்த நூற்றாண்டில் ஓட்டம் பலவீனமாவது மிகவும் சாத்தியம், 2100க்குள் திடீரென்று நின்றுபோகாது என்பதில் நடுத்தர நம்பிக்கை என்று 2021இல் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி சொன்னது. நடுத்தரம் என்ற சொல் எனக்குப் போதவில்லை. 26.5 டிகிரி வட அட்சத்தில், கடலடியிலிருந்து நிமிர்த்திக் கட்டிய கருவிகள் 2004 முதல் தொடர்ந்து அளக்கின்றன. 2009-10இல் ஓட்டம் சுமார் 30 சதவீதம் குறைந்து, அப்புறம் மீண்டது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே நிஜமான சரிவைப் பிரித்தறிய இன்னும் பல வருட அளவீடு வேண்டும். கரியமில வாயுவைக் குறைக்க அதுவரை காத்திருக்க முடியாது.