சைக்கிளில் வருகிறவரிடம் நாம் கேட்கும் கேள்விகள்

(சென்னையில் அரசு ஊழியர்களின் வாசகர் வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வேலை முடிந்த களைப்போடும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

"வண்டி ரிப்பேரா?" என்பதுதான் முதல் கேள்வி. வில்லிவாக்கத்திலிருந்து நியூ ஆவடி சாலை, கீழ்ப்பாக்கம், சேத்துப்பட்டு வழியாக நுங்கம்பாக்கத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு சைக்கிளில் வரத் தொடங்கியபோது, பார்க்கிற ஒவ்வொருவரும் இதைத்தான் கேட்டார்கள். ரிப்பேர் இல்லை என்று சொன்னால் அடுத்தது வரும்: "சர்க்கரையா மேடம்? டாக்டர் சொன்னாரா?" அதுவும் இல்லை என்றால் கொஞ்சம் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "வீட்டில் ஏதாவது பணக்கஷ்டமா அக்கா?" என்பார்கள்.

கேட்டவர்கள் நல்லவர்கள். என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது என் மேசைக் கோப்புகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் மேடை ஏறவில்லை. ஆனால் அந்தக் கேள்விகளின் அடியில் கிடக்கும் நம்பிக்கையைக் கவனியுங்கள். வேறு வழி இருக்கிற ஒருவர் சைக்கிளைத் தொட மாட்டார். தொட்டிருந்தால் வண்டி கெட்டிருக்க வேண்டும், உடம்பு கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கையில் காசில்லாமல் போயிருக்க வேண்டும். சைக்கிளை நாம் ஒரு குறைக்கான அடையாளமாக வைத்திருக்கிறோம்.

எங்கள் பிரிவில் ஓர் இளைஞர் சேர்ந்தார். அவரும் சைக்கிளில் வருகிறவர். கியர் வைத்தது, சக்கரம் மெல்லியது, விலை நாற்பதாயிரத்துக்கு மேல். விலையைச் சொன்ன மறுநிமிடமே நண்பர்களின் முகம் மாறியது. ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். இன்னொருவர் வளாகத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க அனுமதி கேட்டார். என்னுடையது பழைய சைக்கிள் கடையில் வாங்கியது. என்னிடமும் விலை கேட்டார்கள். சொன்னதும், "போதும் மேடம், அலுவலகம் வந்துபோகத்தானே" என்று தேறுதல் சொன்னார்கள். இரண்டு சைக்கிள்களும் ஒரே சுவரில்தான் சாய்ந்து நின்றன.

அதே சுவரில் மூன்றாவதாக ஒரு சைக்கிள் பல ஆண்டுகளாக நிற்கிறது. இரவுக் காவலருடையது. கறுப்பு நிறம், பின்னால் பெரிய கேரியர், அதில் சாப்பாட்டுத் தூக்கு. எனக்குத் தெரிந்து அவரிடம் "வண்டி ரிப்பேரா" என்று ஒருவரும் கேட்டதில்லை, "டாக்டர் சொன்னாரா" என்றும் கேட்டதில்லை. "அருமை, உடற்பயிற்சியும் ஆயிற்று" என்று அவர் முதுகில் ஒருவர்கூடத் தட்டியதில்லை. காலையில் கூட்டிப் பெருக்க வரும் இரண்டு பெண்களும் சைக்கிளில்தான் வருகிறார்கள். அவர்களிடமும் யாரும் காரணம் கேட்டதில்லை. அவர்கள் சைக்கிளில் வருவது இயல்பு, நான் வருவது விசித்திரம் என்று இந்த அலுவலகம் எப்போதோ தீர்மானித்துவிட்டது. எனக்கு வலித்தது இதுதான். என்னைக் கேட்டதைவிட அவர்களைக் கேட்காததுதான் வலித்தது.

எண்களைப் பார்த்தால் விசித்திரம் யார் என்பது இன்னும் தெளிவாகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளில் இருப்பவர்கள் வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்று கேட்டுத் தொகுத்தார்கள். சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் போனார்கள். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளில் போனவர்கள் அதைவிடச் சற்றுக் குறைவு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி நாட்டில் பாதிக் குடும்பங்களில் சைக்கிள் இருக்கிறது. கார் இருப்பது நூற்றுக்கு எட்டுக் குடும்பங்களில். கார் நிறுத்தும் இடத்துக்கு மேல் கூரை போட்டிருக்கும் எத்தனையோ அலுவலகங்களில் சைக்கிள் நிறுத்தும் இடம் என்ற பலகைகூட இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. வில்லிவாக்கத்துக்கு அருகில் அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் தொழிற்சாலைதான் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களை நாடெங்கும் அனுப்பியது. என் மாமனார் அம்பத்தூரில் வேறொரு பட்டறையில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடியும் நேரத்தில் சாலை முழுக்க சைக்கிள்தான் என்று சொல்வார். மேஸ்திரியும் சைக்கிளில் வந்தார், கணக்கரும் சைக்கிளில் வந்தார். அவர்களிடம் காரணம் கேட்க அங்கே ஆள் இல்லை.

நம் சம்பள விதிகளிலும் இந்த ஏற்றத்தாழ்வு பதிந்திருக்கிறது. மத்திய அரசின் சைக்கிள் படியை எடுத்துவிடலாம் என்று ஏழாவது ஊதியக் குழு பரிந்துரைத்தது. 2017இல் அரசு அதை அஞ்சல்காரர்களுக்கும் ரயில்வே டிராக்மேன்களுக்கும் மட்டும் தக்கவைத்து, மாதம் 90 ரூபாயிலிருந்து 180 ரூபாயாக உயர்த்தியது. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் சைக்கிள் என்றால் இன்ன பதவிக்கு என்ற வரம்பு அதில் தெரிகிறது. நெதர்லாந்தில் வேலைக்கு வந்துபோகும் தூரத்துக்கு, கிலோமீட்டருக்கு 23 சென்ட் வரை வரியில்லாமல் நிறுவனம் கொடுக்கலாம். 2024இலிருந்து இதுதான் அளவு. காரில் வந்தாலும் சைக்கிளில் வந்தாலும், மேலாளரானாலும் எழுத்தரானாலும் ஒன்றே. அந்த நாட்டில் மார்க் ரூட்டே பிரதமராக இருந்தபோது சைக்கிளில் அலுவலகம் போனார். 2024 ஜூலையில் பதவியை ஒப்படைத்துவிட்டு சைக்கிளிலேயே கிளம்பினார். நம் மத்திய அமைச்சர் மன்சுக் மாண்டவியா சைக்கிளில் நாடாளுமன்றம் போனபோது நாளிதழ்களில் படம் வந்தது. அவர் செய்தது நல்ல காரியம், பாராட்டுகிறேன். அமைச்சர் சைக்கிள் ஓட்டினால் எளிமை, காவலர் ஓட்டினால் ஏழ்மை என்று பிரித்துப் பார்ப்பது நம் கண்தான்.

பெண்ணாக இருந்தால் கேள்விகள் இன்னும் கூடும். "சேலையில் எப்படி?" "பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" "மாப்பிள்ளை வீட்டார் வந்தால் என்ன சொல்வீர்கள்?" கடைசிக் கேள்வி என் மகளை நினைத்துக் கேட்டது. இவற்றையெல்லாம் நான் சிறுமியாக இருந்தபோதே கேட்டுவிட்டேன். நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. அங்கே 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்தார். எழுத்தறிவு உட்கிராமங்களுக்குப் போக வேண்டுமானால் அதைக் கொண்டு போகும் பெண்கள் முதலில் போய்ச் சேர வேண்டும் அல்லவா? குடுமியான்மலைக் கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் கற்றார்கள், ஆசிரியைகள் கற்றார்கள், அங்கன்வாடிப் பெண்கள் கற்றார்கள். சில ஆண்டுகளில் ஒரு லட்சம் பெண்கள் என்ற அளவுக்கு அது பெருகியது. பெண்களுக்கான சைக்கிள்கள் போதாமல் ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். சிலர் அதையே விரும்பினார்கள், முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று.

என் சித்தியும் அப்போது கற்றவர்தான். மாலை வெயில் தாழ்ந்த பிறகு பள்ளி மைதானத்தில் பழகுவார். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியதை இந்த மேடையில் என்னால் சொல்ல முடியாது. சித்தி பதில் பேசவில்லை. ஆனால் அவர் தனியாகவும் இல்லை. ஒரே சமயத்தில் பத்துப் பதினைந்து பேர் பழகினார்கள். சுவரோரத்தில் இருந்தவர்கள் சில மாதங்களில் வாயை மூடிக்கொண்டதற்கு அந்தக் கூட்டமே காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். அலுவலகத்திலும் அப்படித்தான். ஒருவர் வந்தால் கேள்வி கேட்பார்கள், பத்துப் பேர் வந்தால் நிறுத்த இடம் கேட்பார்கள்.

இந்தப் பேச்சுகளில் ஒன்றை மட்டும் என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. "சாலையில் செத்துப்போவீர்கள் அக்கா, வேண்டாம்" என்று ஒரு தோழி சொன்னார். அவருடைய தம்பி விபத்தில் போனவர். தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் 17,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தம்பியை இழந்தவரிடம் என்ன வாதம் செய்வது? அவர் பயம் நியாயமானது. அந்தப் பயத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வேறுபாடு.

நெதர்லாந்திலும் ஐம்பதுகளுக்குப் பிறகு கார்கள் பெருகி சைக்கிள் குறைந்துகொண்டே வந்தது. 1971இல் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். விக் லாங்கென்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் சிறுமகளும் அப்படி இறந்தாள். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்று அவர் எழுதினார். அந்தத் தலைப்பே இயக்கத்தின் பெயரானது. பெற்றோர்கள் விபத்து நடக்கும் சந்திப்புகளில் போய் உட்கார்ந்தார்கள், தெருக்களை மறித்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். குழந்தைகளிடம் "சைக்கிளை விட்டுவிடு" என்று சொல்வதோடு அவர்கள் நின்றிருந்தால் இன்றைக்கு அந்த நாடு சைக்கிள்களின் நாடாக இருந்திருக்காது. அவர்கள் தெருவை மாற்றச் சொன்னார்கள். சென்னை மாநகராட்சியும் 2014இலேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் நான் வரும் வழியில் சைக்கிளுக்கென்று தனித்தடம் கிடையாது. என் தோழியின் கவலை மாநகராட்சிக்கு ஒரு கடிதமாகப் போக வேண்டும். நானும் கையெழுத்திடுகிறேன்.

பாராட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். "உங்களைப் போல எங்களால் முடியாது" என்று சொல்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எட்டு கிலோமீட்டர் தூரத்தை ஒரு சாதனையாக்கிவிட்டால், அதைத் தினமும் செய்பவர் தனி ஆளாகிவிடுகிறார், மற்றவர்கள் முயற்சி செய்யத் தேவையில்லாமல் போகிறது. மூட்டு வலி, கைக்குழந்தை, இருபத்தைந்து கிலோமீட்டர் தூரம் என்று உண்மையான தடைகள் பலருக்கு இருக்கின்றன. அவர்களை நான் அழைக்கவில்லை. அண்ணா நகரிலும் அயனாவரத்திலும் இருந்துகொண்டு தயங்குகிறவர்களிடம்தான் பேசுகிறேன். 2017இல் பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடையே அகால மரணத்தின் அபாயம் சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கு சைக்கிள் மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனால் "சர்க்கரையா?" என்ற கேள்வி வருவதற்கு முன்பே ஏறிவிடுவது நல்லது.

தயக்கத்துக்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு, அது வியர்வை. சித்திரை வைகாசியில் காலை எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிடுகிறது. நனைந்த உடையோடு மக்கள் முன்னால் உட்கார்ந்து மனு வாங்க முடியாது. இதை மனவுறுதியால் தாண்டச் சொல்வது சரியல்ல. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு குழாய், ஒரு வாளி இருந்தால் தீர்ந்துவிடும். எங்கள் கட்டடத்தில் அதிகாரிகளின் அறைகளோடு சேர்ந்த குளியலறைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கின்றன. அதில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று திறந்துவிட எவ்வளவு செலவாகும்?

ஆகவே எங்கள் ஊழியர் சங்கத்தின் அடுத்த கோரிக்கை மனுவில் மூன்று வரிகள் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வாயிலுக்கு அருகில் கூரையுள்ள சைக்கிள் நிறுத்தம், காற்றடிக்கும் பம்பு, அந்தக் குளியலறைகளின் சாவி. மூன்றும் அலுவலகத்துக்குள் வேலை செய்யும் எல்லோருக்கும் என்று தெளிவாக எழுத வேண்டும். காவலரும் பெருக்க வரும் பெண்களும் ஒப்பந்த ஊழியர்கள், அவர்கள் சங்க மனுவில் கையெழுத்திட முடியாது என்று ஒரு தோழர் விதியை எடுத்துக் காட்டினார். விதி அப்படித்தான் இருக்கிறது. அதனால் அவர்களுக்குத் தனித்தாள் ஒன்று தயாரித்து, மனுவோடு இணைத்துக் கொடுக்கப்போகிறோம். நாளைக் காலை ஆறு மணிக்கு, அவர்கள் வேலை மாறும் நேரத்தில், நான் வாயிலில் இருப்பேன். உடன் வர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.