விசிலுக்கு முன்னால் இருக்கும் முக்கால் மணி நேரம்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இந்த ஜனவரிக் குளிரிலும் பிள்ளைகுட்டிகளோடு பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் சிகாகோ வட்டாரத்து உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'வேலைக்குப் போகும் வீட்டின் இரவுச் சாப்பாட்டுக்குக் கைகொடுப்பது பிரஷர் குக்கரா, ஸ்லோ குக்கரா?' இதுதான் தலைப்பு. ஸ்லோ குக்கர் என்றால், காலையில் போட்டுவிட்டுப் போனால் மின்சாரத்தின் மெல்லிய சூட்டில் பல மணி நேரம் தானாக வேகவைக்கும் சட்டி. அந்த அணியில் நான் இரண்டாவதாகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "ஐந்து விசிலில் வேகிற கறியை எட்டு மணி நேரம் வேகவைப்பானேன்?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நல்ல கேள்விதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஐந்து விசிலும் உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு அடிக்கிறது?

என் வீட்டில் அது ஏழு இருபதுக்கு அடித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வரை அப்படித்தான். நான் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்குள் நுழையும்போது மணி ஐந்து நாற்பது. கணவர் நகரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்க ஆறேகால். அதற்குள் பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்ற வேண்டும், மகளின் பையைப் பார்க்க வேண்டும், சிங்கில் கிடக்கிற காலைப் பாத்திரத்தை நகர்த்தினால்தான் வெங்காயம் நறுக்கவே இடம் கிடைக்கும். அப்புறம் வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி. வதக்கல். கறியைப் போட்டுப் பிரட்டி, மூடி போட்டு, வெயிட் போட்டு, அதற்குப் பிறகுதான் முதல் விசில். எல்லோரும் விசிலிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள். விசிலுக்கு முன்னால் இருக்கிற முக்கால் மணி நேரத்தை யார் கணக்கில் சேர்ப்பது? ஆவி அடங்கக் காத்திருக்கும் கால் மணி நேரத்தை?

அந்த நேரத்தில்தான் மகளுக்குப் பசி உச்சத்தில் இருக்கும். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துவிடுவாள். தட்டு வரும்போது பசி போயிருக்கும். நான் எரிந்து விழுவேன். ஒரு நாளில் எனக்கு உடம்பில் தெம்பே இல்லாத வேளை அதுதான். வீட்டின் மிகப் பெரிய வேலையை அந்த வேளையின் தலையில் கட்டி வைத்திருந்தேன்.

நடுவர் அவர்களே, நான் சொல்ல வந்தது இதைத்தான். பிரஷர் குக்கர் சமையல் நேரத்தைக் குறைக்கிறது. மறுக்கவில்லை. ஸ்லோ குக்கர் சமையல் நேரத்தை இடம் மாற்றுகிறது. களைத்துப்போன ஆறு மணியிலிருந்து தூக்கி, தெம்பாக இருக்கிற வேளைக்குக் கொண்டு போகிறது. வேலைக்குப் போகும் வீட்டுக்கு எது தேவை? இருபது நிமிஷம் குறைவதா, அந்த வேளையே கைக்குத் திரும்ப வருவதா?

எங்கள் வீட்டில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முந்தின நாள் ராத்திரி ஒன்பதரைக்கு, பாத்திரமெல்லாம் கழுவியான பிறகு, வெங்காயத்தை நறுக்கி இரும்புச் சட்டியில் நன்றாகச் சிவக்க வதக்குகிறேன். இஞ்சி பூண்டு, தக்காளி, மல்லித்தூள், மிளகாய்த்தூள் எல்லாம் அதிலேயே. ஆறியதும் ஒரு டப்பாவில். கறி வேறு டப்பாவில். இரண்டும் ஃப்ரிட்ஜுக்குள். காலையில் அதை ஸ்லோ குக்கர் சட்டியில் கொட்டுவது என் கணவர் வேலை. உருளைக்கிழங்கு அடியில், அதன் மேல் எலும்போடு ஆட்டுக்கறி, அதற்கு மேல் மசாலா. அடியில்தான் கிழங்கு, ஏனென்றால் இந்தச் சட்டியில் கறியைவிடக் கிழங்கு வேகத் தாமதமாகும். தண்ணீர் அரை டம்ளர் போதும். மூடிக்குள் ஆவி வெளியே போகாது. கண்ணாடி மூடியில் முத்து முத்தாகக் கோத்து, அப்படியே குழம்புக்குள் திரும்ப விழும். குறைந்த சூடான 'லோ'வில் எட்டு மணி நேரம் என்று வைத்துவிட்டு ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார். அடுப்பறையில் அவர் நிற்பது மொத்தம் ஐந்து நிமிஷம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் வார நாள் குழம்பில் அவர் கை பட்டது இந்தச் சட்டி வந்த பிறகுதான். அவருக்கு மனசில்லாமல் இல்லை. ஏழு மணி அடுப்பில் எண்ணெய் வெடிக்க, விசில் அடிக்க, அந்தப் பரபரப்பில் ஒரு புது ஆளுக்கு நிற்க இடமில்லை. காலை ஆறரை மணிச் சட்டியில் இருக்கிறது.

எதிரணியில் அடுத்துப் பேசிய சகோதரி, "தாளிக்காத குழம்பு ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றார். தாளிக்க வேண்டாம் என்று எங்கள் அணியில் யார் சொன்னது? மாலையில் மூடியைத் திறந்து, தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றி, 'ஹை'யில் இருபது நிமிஷம் விட்டு, பட்டையும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுகிறேன். தாளிப்புக்கு இரண்டு நிமிஷம்.

சுவைக்கும் காரணம் இருக்கிறது. ஆட்டுத் தொடையும் கால் எலும்பும் நெஞ்செலும்பும் கடினமான கறி. அந்தக் கடினம் கொலாஜன் என்ற புரதத்தால் வருவது. கொதிநிலைக்குக் கீழான சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் அது ஜெலட்டினாக உருகிக் குழம்போடு சேர்ந்துவிடும். விரலில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுமே, அதுதான். குக்கரிலும் உருகும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு விசில் கூடினால் கறி நார் நாராகிவிடும், ஒரு விசில் குறைந்தால் ரப்பர். ஸ்லோ குக்கரில் அரை மணி முன்னே பின்னே ஆனால் ஒன்றும் கெட்டுப்போகாது. கணவரின் ரயில் தாமதமான நாளில், அந்த அரை மணி எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவதாகப் பேசியவர் கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்பட்டார். என் சட்டி 'லோ'வில் சுமார் 200 வாட் எடுக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 1.6 யூனிட். யூனிட் 16 சென்ட் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 26 சென்ட். நான்கு பேர் சாப்பாட்டுக்கு.

"இது வெள்ளைக்காரன் பாத்திரம், நம்ம சமையலுக்கு ஒத்துவராது" என்றும் ஒரு வாதம் வந்தது. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், நடுவர் அவர்களே. ஏனென்றால் இந்தப் பாத்திரத்தின் கதை நாம் உட்கார்ந்திருக்கிற இதே ஊரோடு சேர்ந்தது, ஒரு அம்மாவோடும் சேர்ந்தது.

சிகாகோவில் இர்விங் நாக்சன் என்று ஒரு பொறியாளர் இருந்தார். அவருடைய தாயார் தாமரா, லித்துவேனியாவின் வில்னா நகரத்தில் வளர்ந்த யூதப் பெண். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு நெருப்பு மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆனால் சனிக்கிழமை குடும்பத்துக்குச் சூடான சாப்பாடு வேண்டுமே? கறி, பீன்ஸ், கிழங்கு எல்லாம் போட்டு 'சோலெண்ட்' என்ற குழம்புக்குக் கூட்டி, அந்தச் சட்டியை வெள்ளிக்கிழமையே பக்கத்து ரொட்டிக் கடைக்குக் கொடுத்தனுப்புவார்கள். ரொட்டி சுட்டு முடித்து அணைத்த அடுப்பின் மிச்சச் சூட்டில் அது ராத்திரி முழுக்க வேகும். சிறுமி தாமரா தன் அம்மாவின் சட்டியைக் கொண்டு போய்க் கொடுத்த கதையைப் பிற்காலத்தில் மகனுக்குச் சொன்னார். மகன் அந்த அடுப்பின் சூட்டை மின்சாரத்தில் கொண்டுவந்து, 1936-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1940-இல் கிடைத்தது. 'நாக்சன் பீனரி' என்று பெயர். 1970-இல் கன்சாஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் அவரிடமிருந்து வாங்கியது. மேபல் வில்லியம்ஸ் என்ற பெண்மணி அதில் பலவிதமாகச் சமைத்துப் பார்த்துக் குறிப்புகள் எழுதினார். 1971-இல், இதே சிகாகோவில் நடந்த வீட்டுப் பொருள் கண்காட்சியில், அது 'கிராக் பாட்' என்ற பெயரில் வெளிவந்தது. அமெரிக்கப் பெண்கள் திரள் திரளாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. யாருக்கு இது தேவைப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நெருப்பை மூட்ட முடியாத நாளிலும் வீட்டில் இருப்பவர்களுக்குச் சூடாகப் போட வேண்டும் என்று நினைத்த ஒரு தாயின் ஏற்பாடு அது. இதில் எது நமக்கு அந்நியம்?

போன குளிர்காலத்தில் என் மாமனார் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு ஆறு மாதம் தங்கியிருந்தார். பகல் முழுக்க வீட்டில் அவர் மட்டும்தான். வெளியே முழங்கால் அளவு பனி. முதல் வாரம் அந்தச் சட்டிப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போது, நாற்காலியை அடுப்பறைக்குள் இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூடிக்குள் ஓரத்தில் மட்டும் ஒன்றிரண்டு குமிழி வந்து வந்து உடைந்துகொண்டிருந்தது. "எங்க ஆத்தா வரட்டி நெருப்புல பால் வைக்கும்மா, காலையில வச்சா சாயங்காலம் வரைக்கும் கெடக்கும். மண்சட்டியில ஏடு இம்புட்டுக் கனத்துக்குக் கட்டும், பால் செவந்து போயிரும். இதும் அந்த நெருப்பு மாதிரிதான் இருக்கு, அவசரமே படல" என்றார். அவர் அதற்கு முன்னால் என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

எதிரணி சொன்னவற்றில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். சோற்றுக்கு நான் குக்கர்தான் வைக்கிறேன். புளியை முதலிலேயே பருப்போடு போட்டால் எட்டு மணி நேரமானாலும் பருப்பு மசியாது. முதல் வாரமே அந்தச் சாம்பாரைக் கொட்ட வேண்டி வந்தது. புளி கடைசியில்தான். ராஜ்மா விஷயத்தில் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஊறவைத்த ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். அதில் இயற்கையாகவே ஒரு நச்சு இருக்கிறது. 'லோ' சூட்டில் அது அழியாது. ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகுதான் சட்டிக்குப் போக வேண்டும். அதேபோல, உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கறி நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும். முந்தின நாளே ஃப்ரிட்ஜில் இளகவிட வேண்டும். நடுவில் மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது, ஒவ்வொரு தடவைக்கும் அரை மணி வரை தள்ளிப்போகும். இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு வாரம் போதும். குக்கருக்கு வாஷர் மாற்றவும் வெயிட்டைக் கழுவவும் நாம் பழகிக்கொள்ளவில்லையா?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. இன்னும் ஒரு நிமிஷம் கொடுங்கள்.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறரைக்கெல்லாம் எல்லோரும் தட்டின் முன்னால் இருந்தோம். வெளியே இருட்டிவிட்டது. மகள் எலும்பிலிருந்து கறியை விரலால் உருவிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, "அம்மா, ஸ்கூல்ல லஞ்சுக்கு யாரும் எங்கூட உட்காரறதில்ல" என்றாள். மூன்று வாரமாக அப்படித்தானாம். நான் அப்போது அடுப்பின் முன்னால் நின்றிருந்தால், விசிலை எண்ணிக்கொண்டிருந்தால், அவள் சொல்லியிருக்கமாட்டாள். சொல்லியிருந்தாலும் "இரு கண்ணு, இதை இறக்கிட்டு வரேன்" என்றிருப்பேன். அன்றைக்கு நான் கையைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. ஏழே முக்கால் வரை பேசிக்கொண்டிருந்தோம். சட்டியில் குழம்பு, சூடு ஆறாமல் மட்டும் வைத்திருக்கும் 'வார்ம்'இல் கிடந்தது.

இன்றைக்கும் காலை ஒன்பது மணிக்கு ஆட்டுக்காலைப் போட்டு வைத்துவிட்டுத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். இப்போது மணி ஐந்து. நீங்கள் தீர்ப்புச் சொல்லி முடிக்கும்போது எலும்பைத் தட்டினால் மஜ்ஜை கழன்று விழும் பதத்தில் இருக்கும். எங்கள் வீடு இங்கிருந்து பன்னிரண்டு நிமிஷம். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் சரி, நீங்களும் எதிரணியினரும் அவசியம் சாப்பிட வர வேண்டும். இடியாப்பத்துக்கு மாவு பிசைந்து வைத்திருக்கிறேன். வணக்கம்.