249 ரூவா கவுன்ட்டரும் ஒரு குளம் நாமக்கோழியும்

வணக்கம் மக்களே. சத்தம் கேக்குதா? மைக்க இன்னைக்கு துப்பட்டால குத்தாம காலர்லயே மாட்டிட்டேன். போன வீடியோ பூரா காத்து மட்டும்தான் பேசுதுன்னு ஏசுனவிய இப்பம் வந்து சொல்லுங்க.

ஞாயித்துக்கெழம நீர்ப்பறவை கணக்கெடுப்புக்குப் போயிட்டு வந்தேன். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு, வருசா வருசம் ஜனவரில நடக்கும்லா, அதான். 2011லேர்ந்து நடக்கு. எனக்கு இது நாலாவது வருசம். பறவையப் பத்திச் சொல்லுததுக்கு முன்னால ஒரு விசயம் சொல்லணும், இல்லன்னா எனக்கு நெஞ்சு ஆறாது.

இந்தாருக்கு, பாத்துக்கிடுங்க. கவுன்ட்டர். கோயில்ல நாமம் சொல்லுத ஆச்சிமாரு விரல்ல மாட்டிருப்பாவல்லா, அதோட இரும்பு அண்ணன். கட்டைவிரலால அமுக்குனா டிக்குனு ஒண்ணு ஏறும். 249 ரூவா, கொண்டு வந்து தர 40 ரூவா. 289 ரூவா மக்களே! பொங்கல் சீசன், அந்தக் காசுக்கு ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கி அவிச்சித் தின்னுருந்தா ஒடம்புலயாவது ஒட்டிருக்கும். வீட்டுல வச்சி டெஸ்ட் பண்ணேன், படிக்கட்டு எண்ணுனேன், சாம்பார்ல கெடந்த முருங்கக்காய எண்ணுனேன், நல்லாத்தான் போச்சி. ஆனா 99 வரைக்கும் நான் எண்ணிப் பாக்கலல்லா. எங்க வீட்டு சாம்பார்ல அவ்ளோ முருங்கக்கா கெடயாது. குளத்துல போயி 99 முடிஞ்சி 100 வரணும், அந்தச் சக்கரம் பாதிலயே நிக்கி. ஒண்ணும் இல்ல, சைபரும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு. அமுக்குதேன், அமுக்குதேன், டிக்குங்கு, நம்பர் மாற மாட்டங்கு. இது எந்த எடத்துல நடந்துச்சிங்கிறதுதான் கத. வாரேன்.

எனக்குக் கூந்தன்குளம்தான் வேணும்னு கேட்டுருந்தேன், நெல்லை மாவட்டத்துல உள்ள பறவைச் சரணாலயம், ஒங்களுக்குத் தெரியும். ஊருக்குள்ள வேப்பமரத்துலயும் புளியமரத்துலயும் மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும், வாசல்ல கோலம் போடுத எடத்துல எச்சம் விழும், ஒருத்தரும் வெரட்ட மாட்டாவ. தீவாளிக்கு வெடி கெடயாது. 1994ல சரணாலயம் ஆச்சி, 2022ல ராம்சர்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்தாச்சி. எல்லாரும் அதத்தான் கேப்பாவ. லிஸ்ட்ட பாத்தா எனக்கு வேற ஒரு குளம். பேரக் கேட்டா அந்தப் பக்கத்து ஆளுவளே "எது, அந்தக் குளமா?"ம்பாவ. கோவம்னா கோவம். ஒரே நேரத்துல எல்லாக் குளத்துலயும் ஆள் நிக்கணும், இல்லன்னா இங்க எண்ணுன வாத்து பறந்து போயி அங்கயும் எண்ணப்பட்டுரும், அது எனக்கும் தெரியும். தெரிஞ்சாலும் கோவம் வரும்லா.

பேர் சொல்ல மாட்டேன். கேக்காதிய. போன வருசம் ஒரு குளத்துப் பேரச் சொல்லிட்டு நான் பட்ட பாடு போதும். அடுத்த வாரமே மூணு ட்ரோன் வந்துச்சி. ட்ரோன் கொண்டாந்து பறவைய எழுப்பி விட்டு 'வாவ்'னு வீடியோ போடுதவியள எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதச் சொன்னா சப்ஸ்கிரைபர் கொறையும். கொறையட்டும்.

காலைல 6.20க்கு குளத்தங்கரைல நிக்கேன். 6.15க்கு வரச் சொன்னாவ. அஞ்சி நிமிசம்தான் லேட்டு, என்னப் பொறுத்தவரைக்கும் இது சாதன. டீம்ல மூணு பேரு. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சார், காலேஜ் படிக்கிற ஒரு தங்கச்சி, நான். சார் ஃபிளாஸ்க்ல டீ கொண்டாந்துருந்தாவ. ஃபிளாஸ்க் டீ பத்தி என் கருத்து என்னன்னு பழைய ஆளுவளுக்குத் தெரியும். குடிச்சேன். பெரியவிய குடுத்தா என்ன செய்ய.

ஒரே பனி. மறுகால், அதான் குளம் நெறஞ்சா தண்ணி வழியுத எடம், அது பக்கத்துல மங்கலா வாத்துக் கூட்டம் ஒண்ணு. பழுப்பா, குண்டா. நான் பைனாகுலர வச்சிப் பாத்துட்டு, "சார், புள்ளிமூக்கு வாத்து! பெரிய கூட்டம்!"ங்கேன். டிக் டிக் டிக்குனு கவுன்ட்டர்ல 64. தங்கச்சி பேப்பர்ல எழுதிட்டா. எனக்குப் பெருமைன்னா பெருமை, கூந்தன்குளம் போனவியளுக்கு இது கெடச்சிருக்குமான்னு மனசுக்குள்ள ஓடுது. பைய பனி வெலகுது. பின்னாலயே கைல கம்போட ஒரு அண்ணாச்சி வாராரு. "எம்மா, என்ன எண்ணுதிய? அது நம்ம வாத்துதான். ஒண்ணு கொறையுதோ?"ங்காரு. அறுத்த வயல்ல மேய்க்கக் கொண்டாந்த வீட்டு வாத்து. நான் கண்ணாடியத் தொடைக்கிற மாதிரி திரும்பிட்டேன். சார் ஒண்ணுமே சொல்லல, மெதுவா டீயக் குடிச்சாவ. அதுதான் தாங்க முடியல.

அந்த அண்ணாச்சி கணக்கு ஆனா 65. ஒண்ணு எங்கயோ உண்மையிலேயே கொறஞ்சிருந்துருக்கு.

சரி, நாமக்கோழி. கருப்பா இருக்கும், நெத்தில வெள்ளையா நாமம் போட்ட மாதிரி இருக்கும். குளம் பூரா அதான். நாமக்கோழி எண்ணுததுன்னா நிக்கிறத எண்ணுததுல்ல. முங்கும், வேற எடத்துல எந்திரிக்கும், பக்கத்துல நிக்கிறதக் கொத்த ஓடும். பெரிய கூட்டம்னா ஒண்ணொண்ணா எண்ணக்கூடாது. முதல்ல ஒரு அம்பத ஒழுங்கா எண்ணணும், அந்த அம்பது எவ்ளோ எடத்த அடைக்குன்னு கண்ணுல வாங்கணும், பொறவு குளம் பூரா அந்தத் துண்டு எத்தன வருதுன்னு நவட்டிக்கிட்டே போகணும். சார் அப்படித்தான் எண்ணுனாவ. நான் கேக்கல. 289 ரூவாய்க்குப் பொருள் வாங்கிருக்கேன்லா.

97, 98, 99, டிக். நின்னுட்டு. நான் கவுன்ட்டரப் பாத்து அமுக்கிட்டு நிக்கேன், அந்த நேரம் மேக்கேருந்து ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வருது. அம்புட்டுதான். நாமக்கோழி பூராவும் தண்ணி மேல படபடன்னு ஓடி நடுக்குளத்துல ஒரே கும்பலா சேந்துட்டு. முதல்லேருந்து எண்ணணும். ரெண்டாவது தடவ ஒரு பைக்காரன் கரை மேல ஹாரன் அடிச்சிட்டே போனான். மூணாவது தடவ கவுன்ட்டரப் பைக்குள்ள போட்டுட்டு, சார் சொன்ன மாதிரி அம்பது அம்பதா எண்ணுனேன். எனக்கு 410. சாருக்கு 420. தங்கச்சி 430. நடுவுல உள்ளத எழுதுனோம்.

இரிங்க, ஒண்ணு விட்டுட்டேன். தண்ணி. குளம் இந்த வருசம் முட்ட நெறஞ்சி கெடக்கு. குளம் நெறஞ்சா ஊருக்குச் சந்தோசம், உள்ளானுக்கு, அதான் கரையோரம் எர தேடுத சின்னப் பறவைக்கு, திண்டாட்டம். அதுக்குக் குட்டக் காலு, ஓரத்துல சேறு வேணும், மூக்க விட்டுக் கிண்டணும். சேறே இல்ல. பொரி உள்ளான் ஆறே ஆறு, அதுவும் மடைக்குக் கீழ வாய்க்கால்ல. 2023 டிசம்பர் 17, 18ல பேஞ்ச மழைக்குப் பொறவு வந்த ஜனவரிலயும் இப்படித்தான், கரை எங்க குளம் எங்கன்னு தெரியாம நின்னோம். அந்த வீடியோ பாத்தவியளுக்கு ஞாபகம் இருக்கும், செருப்ப ஒத்தக்கால்ல விட்டுட்டு வந்தேன்லா.

இப்பம் வரித்தலை வாத்து. எட்டு மணி இருக்கும். நான் பைக்குள்ள அந்தச் சனியன நோண்டிக்கிட்டு இருக்கேன். தங்கச்சி என் கையப் பிடிச்சி இழுக்கா. ஒண்ணும் பேச மாட்டங்கா, வயக்காட்டுப் பக்கம் கைய மட்டும் காட்டுதா. முதல்ல சத்தம்தான் வந்துச்சி, மூக்கால கூப்பிடுத மாதிரி. பொறவு வரிசையா வந்து எங்க தலைக்கு நேர் மேல திரும்பி, ரெக்கைய விரிச்சி, காலத் தொங்கப் போட்டு, சர்ருனு தண்ணில எறங்குது. 17. வெள்ளத் தலைல ரெண்டு கருப்பு வரி, பைனாகுலர் இல்லாமயே தெரியுது. மங்கோலியா, திபெத், லடாக் பக்கம் குஞ்சு பொரிக்கிற பறவை. இமயமலையத் தாண்டி வரும், 7000 மீட்டருக்கு மேல பறந்தத சாட்டிலைட் கருவி கட்டிப் பாத்துருக்காவ. அது வந்து பேர் தெரியாத இந்தக் குளத்துல, நாமக்கோழிக்கு நடுவுல எறங்கி, தலையச் சிலுப்பிட்டுத் தண்ணி குடிக்கி. எனக்குக் கண்ணு கலங்கிட்டு, சத்தியமா. வீடியோவா? எடுத்தேன். இந்தா ஓடுதுல்லா, சாம்பல் கலர்ல. இது என் பெருவிரல்.

வாத்துக்கார அண்ணாச்சிக்கு அவ்ளோ சந்தோசம் இல்ல. "வருசா வருசம் வரும்மா. ராத்திரி பூரா பயிர மேஞ்சிட்டு, விடிஞ்சா குளத்துல வந்து ஒறங்கும். எண்ணி என்ன செய்யப் போறிய?"ன்னு கேட்டாரு. அவரு சொல்லுததும் சரிதான, நெல்லு அவருக்குள்ளது. நாளைக்கு இந்தக் குளத்துல மண்ணு அள்ள வந்தா, ரோடு போட வந்தா, "இங்க ஒண்ணும் கெடயாது"ன்னு எழுதிருவாவ அண்ணாச்சி, அப்பம் காட்டுததுக்கு நம்பர் வேணும்னேன். "அப்பம் என் வாத்தையும் சேத்து எழுதிக்கோ"ன்னாரு.

ஊசிவால் வாத்து 38. கூழைக்கடா 5. முக்குளிப்பான் 21, அது முங்கிட்டே இருக்கும், 21னு எழுதுனது கடவுள் விட்ட வழி. வேற குளத்துக்குப் போன ஒரு டீம் தாள்ல "வாத்து - நெறய"ன்னு எழுதிக் குடுத்துருக்காவ. நெறயன்னா எத்தன? பந்தில எலையா போடுதிய? எனக்கு வந்த கோவத்துக்கு... சரி, வேண்டாம்.

கவுன்ட்டர் கத கேளுங்க. திருப்பி அனுப்பலாம்னு பாத்தா ஏழு நாள் தாண்டிட்டாம், எட்டாவது நாள் இன்னைக்கு. ஆச்சிட்ட குடுத்துட்டேன், அவிய 99 தாண்டி நாமம் சொல்லுத அளவுக்குப் பொறுமைசாலி கெடயாது.

எய்யா, மீசை ஆலா! மீசை ஆலாவச் சொல்லவே இல்லயே. 23. மறுகாலுக்கு மேல பறந்து பறந்து தண்ணியத் தொட்டுட்டுப் போச்சி. அதுக்கும் வீடியோ எடுத்தேன், அதுல விரல் இல்ல, ஆனா பறவையும் இல்ல. தேடிப் பாத்துட்டு அடுத்ததுல போடுதேன்.