ரத்தம் வரலாற்றைக் காட்டுது: கேங்ஸ் ஆஃப் நியூயார்க் பட்டிமன்றத்துல எங்க அணிப் பேச்சு

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னாடி பேசிட்டு உக்காந்திருக்கிற எதிரணித் தோழருக்கும், கேட்டுக்கிட்டு இருக்குற உங்க எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும். மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்து 2002ல வந்த கேங்ஸ் ஆஃப் நியூயார்க் படத்துல கொட்டுற ரத்தம் வரலாற்றைக் காட்டுதா, மறைக்குதா? காட்டுதுன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தோழர் எடுத்த எடுப்புலயே, பத்து ஆஸ்கருக்குப் பரிந்துரை ஆகி ஒண்ணு கூட கிடைக்காத படம், ரெண்டே முக்கால் மணி நேரம் வெட்டும் குத்தும், காதல் கதை ஒட்டவே இல்லன்னு அடுக்கிட்டுப் போனார். காதல் கதை ஒட்டலதான், ஒத்துக்கிறேன். கேமரூன் டயஸ் பாத்திரத்துக்கு இன்னும் நல்லா எழுதியிருக்கலாம். டேனியல் டே-லூயிஸ் வந்து நின்னா பக்கத்துல டிகாப்ரியோ மங்கிப் போறார்னு பல பேர் சொல்றாங்க, அதுலயும் எனக்குச் சண்டை இல்ல. ஆனா அதெல்லாம் இன்னைக்குத் தலைப்பு இல்லீங்க நடுவர் அவர்களே, நம்ம கேள்வி ரத்தத்தைப் பத்தினது.

முதல் காட்சிக்கு வாங்க. 1846, நியூயார்க்ல ஏழைங்க வாழ்ந்த ஃபைவ் பாயிண்ட்ஸ் பகுதி. சண்டைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, ஐரிஷ் கேங் தலைவனான அப்பன் சவரக்கத்தியால தன் கன்னத்தையே கீறிக்கிட்டு கத்தியைப் புள்ள கையில குடுக்கிறான். புள்ள அந்த ரத்தத்தைத் துடைக்கப் போகுது, அப்பன் தடுத்துடறான், அது கத்தியிலயே இருக்கட்டும்ங்கிறான். அதுக்கப்புறம்தான் பனி மேல கொக்கியும் கட்டையும் வெட்டுக்கத்தியுமா அந்தச் சண்டை நடக்குது, வெள்ளையா இருந்த தரை சிவந்து போகுது, டே-லூயிஸ் நடிச்ச எதிர் கேங் தலைவன் பில் தி புட்சர் கையால அப்பன் செத்துப் போறான். அதை அழகா எடுத்திருக்கார், வன்முறையைக் கொண்டாடுறார்னு எதிரணி சொல்லுது. அந்தப் பையன் முகத்தை நீங்க பாக்கலையா? ஒரு சின்னப் புள்ளைக்குப் பகையை எப்படி ஊட்டி வளக்குறாங்க, பதினாறு வருஷம் கழிச்சு அவன் டிகாப்ரியோவா வளந்து வந்தப்பவும் அது எப்படி ஆறாம கெடக்குதுங்கிறத அந்தக் கத்தியில காய்ஞ்ச ரத்தம் சொல்லிடுது. அதைக் கழுவிட்டு வேற எப்படிங்க இந்தக் கதையைச் சொல்ல முடியும்?

அடுத்து அவங்க ரொம்ப நம்புற வாதம். இது வரலாறே இல்ல, பில் தி புட்சர்ங்கிற பாத்திரத்துக்கு மூலமான வில்லியம் பூல் 1855லயே சுடப்பட்டுச் செத்துட்டார், படத்துல அவரு 1863 வரைக்கும் உயிரோட திரியிறார், டெட் ராபிட்ஸ்ங்கிற ஐரிஷ் கேங் பேருல நடந்த பெரிய கலவரம் 1857ல நடந்தது, படத்துல அந்த கேங் 1846லயே வந்துடுதுன்னு. எல்லாமே சரி, நான் மறுக்கவே இல்ல. கடைசியில கப்பல்ல இருந்து ஊருக்குள்ள குண்டு போடறதும் கற்பனைதான், நானே சேத்துச் சொல்லிடறேன். ஆனா நம்ம கேள்வி ரத்தம் மறைக்குதாங்கிறது. தேதியை மாத்துனது திரைக்கதை, ரத்தம் இல்ல. அந்த மண்ணுல பொறந்தவங்கன்னு சொல்லிக்கிட்டவங்களுக்கும், பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்துல இருந்து வந்து இறங்குனவங்களுக்கும் அந்தத் தெருவுல நடந்த அடிதடி நெஜம். ஓட்டுச் சாவடியில ரவுடிகளை நிறுத்தி ஓட்டு வாங்குனது நெஜம், நியூயார்க் அரசியலை ஆட்டிவச்ச டம்மனி ஹால்ங்கிற கட்சி அமைப்பும் அதோட பெரிய தலை ட்வீட்டும் நெஜம். தீயணைக்க வந்த ரெண்டு குழு, வீடு எரியும்போதே ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிறது படத்துல வருதே, அப்படிப்பட்ட போட்டியும் சண்டையும் அந்தக் காலத்துத் தீயணைப்புப் படைகளுக்குள்ள சாதாரணமா நடந்ததுதான்.

படத்துல ஒரு இடம் வரும். சட்டம் நடக்குதுன்னு ஜனங்களுக்குக் காட்டணும், யாரையாவது தூக்குல போடணும்னு ட்வீட் சொல்றான். யாரைன்னு கேட்டா, பெரிய ஆளா இருக்கணும்னு இல்ல, சாதாரண ஆளுங்க மூணு நாலு பேர் போதும்ங்கிறான். அடுத்து தூக்குமேடை, கூட்டம் நின்னு வேடிக்கை பாக்குது. இந்த வன்முறையை எந்த கேங்க்ல சேப்பீங்க? ரவுடி வெட்டுறதும் அரசாங்கம் தொங்கவிடறதும் ஒரே கயிறோட ரெண்டு முனைங்கிறத எவ்வளவு சின்னக் காட்சியில சொல்லிட்டார் பாருங்க.

இப்போ 1863 ஜூலைக்கு வர்றேன், என் பேச்சுல எனக்கு ரொம்ப முக்கியமான இடம் இதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டு இருந்த அந்த வருஷம் மார்ச்ல கட்டாய ராணுவச் சேர்ப்புச் சட்டம் வந்துச்சு. 300 டாலர் கட்டுனா போகவேண்டாம். அது ஒரு கூலிக்காரனுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம், அப்போ பணக்காரன் புள்ள வீட்டுல இருக்கலாம், ஏழை புள்ள போருக்குப் போகணும். ஜூலை 13 திங்கட்கிழமை வெடிச்ச கலவரம் 16ஆம் தேதி வரைக்கும் நடந்துச்சு, அந்த மாசத் தொடக்கத்துலதான் உள்நாட்டுப் போரோட பெரிய சண்டையான கெட்டிஸ்பர்க் போர் முடிஞ்சிருந்தது, அங்க இருந்த ராணுவத்தையே வரவழைச்சுத்தான் அடக்குனாங்க, ஏறக்குறைய 120 பேர் செத்ததா வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. கோவம் சட்டத்து மேலன்னு தொடங்குச்சு, ஆனா போய் விழுந்தது கறுப்பின மக்கள் மேல. தெருவுல பிடிச்சு அடிச்சுத் தூக்குல தொங்கவிட்டாங்க. ஐந்தாம் அவென்யூவுல கறுப்பினக் குழந்தைகளுக்கான அநாதை இல்லத்தை முதல் நாளே கொளுத்துனாங்க, உள்ள இருந்த 233 புள்ளைங்களை எப்படியோ வெளிய கூட்டிட்டுப் போயிட்டதால உயிர் தப்புச்சு.

படம் பாத்த நெறைய பேருக்கு இங்க ஒரு வருத்தம் இருக்கு, அந்த மக்களுக்கு நடந்த கொடுமையைப் படம் ஓட்டத்தோட ஓட்டமா சில ஷாட்ல காட்டிட்டுப் போயிடுச்சு, கேமரா அங்க நிக்கலன்னு. அந்த வருத்தம் எனக்கும் இருக்கு. எதிரணித் தோழரும் அதைச் சொன்னார், சொல்லும்போது அவர் குரல்ல இருந்த வேதனை உண்மையானது. ஆனா தோழரே, அது எங்க அணிக்கான சாட்சி இல்லையா? ரெண்டு வெள்ளைக்கார கோஷ்டி மோதுன சண்டைக்கு அவ்வளவு நேரம், அவ்வளவு ரத்தம், அதனால அது யாருக்கும் மறக்கல. கறுப்பின மக்கள் பட்ட பாட்டைச் சட்டுனு காட்டிட்டு நகந்துட்டார், அதனாலதான் படம் பாத்துட்டு வர்றவனுக்கு அப்படி ஒண்ணு நடந்ததே மனசுல தங்கல. படம் எங்க கண்ணைத் திருப்பிக்கிச்சோ அங்கதான் வரலாறு மறைஞ்சு போச்சு. ரத்தத்தைக் குறைங்கன்னு கேக்குறவங்க, எதைக் கேக்குறோம்னு இதை வச்சு யோசிக்கணும்.

க்ளைமாக்ஸ் ஏமாத்திடுச்சு, ரெண்டரை மணி நேரமா வளத்த பகையை ஒரு குண்டு வந்து கலைச்சுப் போட்டுடுச்சுன்னு ஒரு குறை இருக்கு. ரெண்டு கோஷ்டியும் ஆயுதத்தோட எதிரெதிரா வந்து நிக்கும்போது குண்டு விழுது, புகை மூட்டத்துல யார் யாருன்னு தெரியல, பில்லுக்கு வயித்துல சிதறல் பாய்ஞ்சு மண்டி போட்டுக் கெடக்கிறான், அவனைக் குத்துறதுல எந்த வீரமும் மிச்சம் இல்ல. நமக்கு வேண்டியது ஒத்தைக்கு ஒத்தை மோதல், கைதட்டல். அதைக் கிடைக்கவிடாம பண்ணுனதுக்காகவே நான் இந்தப் படத்தைக் கொண்டாடுறேங்க. கப்பல் சுட்டது கற்பனைன்னு சொல்லிட்டேன், ஆனா அந்தக் கலவரத்துல ராணுவம் நியூயார்க் தெருக்கள்ல பீரங்கி வச்சுச் சுட்டது நடந்ததுதான். அரசாங்கம் பீரங்கியோட இறங்குனா தெரு ரவுடியோட மானம், மரியாதை, பதினாறு வருஷப் பழி எதுக்கும் ஒரு மதிப்பும் இல்ல. வன்முறையைக் கொண்டாடுற படமா இருந்தா அந்தச் சண்டையை முழுசாப் போட்டுக் காட்டியிருக்கும்.

கடைசியா ஒரே ஒரு ஷாட்டைச் சொல்லிட்டு முடிக்கிறேன். துறைமுகத்துல கப்பல்ல இருந்து அயர்லாந்துக்காரங்க இறங்குறாங்க. இறங்குன கையோட குடியுரிமைக் காகிதத்துல கையெழுத்து, பக்கத்துலயே ராணுவத்துக்குக் கையெழுத்து, உடுப்பு, துப்பாக்கி, அப்படியே வரிசையா இன்னொரு கப்பல்ல ஏத்திடறாங்க. கேமரா வெட்டே இல்லாம நகந்துகிட்டே இருக்கு, அங்க இருந்து சவப்பெட்டியை இறக்கிக் கரையில அடுக்கிட்டு இருக்காங்க. ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. எதிரணியில அடுத்துப் பேச வர்றவங்க இதைத்தான் எடுத்துப் பேசுவாங்கன்னு நினைக்கிறேன், பாருங்க, ரத்தமே இல்லாம வரலாற்றைச் சொல்லிட்டாரே, அப்புறம் மத்ததெல்லாம் எதுக்குன்னு.

அவங்ககிட்ட நான் கேக்குறது இதுதான். அந்த மொதல் சண்டையைப் படத்துல இருந்து எடுத்துடுங்க. வெட்டுப்பட்ட உடம்பு எப்படிக் கெடக்கும், செத்தவனோட புள்ள எப்படி நிக்கும்னு எதையுமே காட்டாதீங்க. அதுக்கப்புறம் அந்த ஷாட்டைப் போட்டா, அடுக்கி வச்ச சவப்பெட்டி ஒவ்வொண்ணுலயும் என்ன இருக்குன்னு பாக்குறவனுக்கு உறைக்குமா, இல்ல சரக்குப் பெட்டி மாதிரி கடந்து போயிடுவானா? இதுக்குப் பதில் சொல்லிட்டு அவங்க வாதத்தைத் தொடங்கட்டும் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.